ஒரு மில்லிமீட்டருக்குள் ஒரு தெரு

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் முந்தின இரவே புதுச்சேரி அருகே கரையேறிவிட்டது; ஆனால் நகராமல் நின்று கொட்டிக்கொண்டிருந்தது. அன்று மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகரில், அண்ணாமலையின் அடிவாரத்தில், மண்ணும் பாறையும் உருண்டு வந்து ஒரு வீட்டை மூடின. உள்ளே சிக்கிய ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

நிலச்சரிவு என்றால் நம் விரல் நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் என்றுதான் நீளும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் சுற்றிவரும் மலை சரியும் என்று யாரும் பேசிக்கொண்டதில்லை. மறுநாளே ஒரு கேள்வி மட்டும் தயாராக இருந்தது: அங்கே போய் யார் வீடு கட்டச் சொன்னது? சமதளத்தில் மனை வாங்க வசதி உள்ளவர்களுக்கு எளிதாக வருகிற கேள்வி இது. கோயில் நகரத்தில் மனை விலை ஏற ஏற, கூலிக்குப் போகிறவர் மலைப்பக்கம் ஒதுங்குகிறார். மின் இணைப்பு வருகிறது, குடிநீர்க் குழாய் வருகிறது, தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிகளும் வருகின்றன. மண்ணைப் பார்க்கத் தெரிந்தவர் மட்டும் வருவதில்லை.

விபத்துக்குப் பிறகு நிபுணர்கள் மலையேறிப் பார்த்தார்கள். அதே ஆட்கள் ஒரு வருடம் முன்னால், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, வீடு வீடாக ஏறியிருந்தால் எதைப் பார்த்திருப்பார்கள்? பட்டா இல்லாத மலைச்சரிவுக் குடியிருப்பில் ஆபத்தை அளப்பது எப்படி? அளந்த பிறகு அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைசிக் கேள்விதான் கஷ்டமானது. அதற்கு முன், அளப்பது எப்படி என்ற கேள்வி.

மலை தெரிகிறது, வீடு தெரியவில்லை

நம்மிடம் வரைபடங்களுக்குப் பஞ்சமில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2014-15இல் தொடங்கி, நாட்டின் மலைப்பகுதிகளில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான சதுர கிலோமீட்டரை 1:50,000 அளவில் தரம் பிரித்திருக்கிறது: சரியும் வாய்ப்பு அதிகம், நடுத்தரம், குறைவு. இஸ்ரோ 2023இல் நிலச்சரிவுகளுக்கென்றே ஓர் அட்லஸ் வெளியிட்டது. நீலகிரி மாவட்ட நிர்வாகத்தின் கையில் 283 ஆபத்தான இடங்களின் பட்டியல் இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் திறந்தார்கள். பதினோராவது நாள் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் அடித்துச் செல்லப்பட்டன.

மையத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. 1:50,000 என்றால் என்ன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர், தரையில் ஐம்பது மீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் ஒரு தெருவே அடங்கிவிடும்: இருபது வீடு, ஒரு பிள்ளையார் கோயில், ஒரு பொதுக் குழாய். வரைபடம் பாறையின் வகை, சரிவின் கோணம், காடு இருக்கிறதா, ஓடை எவ்வளவு தூரம் என்று பார்த்து நிறம் பூசுகிறது. சாலை எங்கே போடலாம், எந்தப் பக்கம் ஊரை வளர்க்கலாம் என்று முடிவெடுக்க அது போதும். ஆனால் ஜனங்கள் குடியேறிய சரிவு அந்த வரைபடத்துச் சரிவு அல்ல. குடியேறியவர்கள் அதை வெட்டியிருக்கிறார்கள், மேடாக்கியிருக்கிறார்கள், தினமும் நனைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குன்னூரிலோ ஊட்டியிலோ மேட்டில் இருக்கும் ஏதாவது ஒரு குடியிருப்புக்குப் படியேறிப் பார்த்தால் இது புரியும். சரிவில் சமதளம் வேண்டுமென்றால் மேல்பக்கம் வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரவ வேண்டும். ஆகவே வீட்டின் பின்பாதி கெட்டித் தரையில் நிற்கிறது, முன்பாதி கொட்டிய மண்ணில் நிற்கிறது. சில வருடத்தில் நடுவே தரையில் ஒரு விரிசல் ஓடும். சிமெண்ட் பூசி மூடுவார்கள். அடுத்த மழையில் அதே இடத்தில் திரும்ப விடும். பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற சந்து. தகரக் கூரையின் தண்ணீர் நேராக அங்கேதான் விழுகிறது. முப்பது சதுர மீட்டர் கூரைமேல் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் மூவாயிரம் லிட்டர். அத்தனையும் மண்வெட்டின் காலடியில் இறங்குகிறது. மேல்வீட்டின் கழிப்பறைக் குழி கீழ்வீட்டின் கூரையைவிட உயரத்தில் இருக்கும். கடன் வாங்கிக் கட்டிய தடுப்புச்சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேற ஓட்டை இருக்காது. ஓட்டை விட்டால் சுவர் பலம் போய்விடும் என்று எண்ணிக் கொத்தனாரே அடைத்திருப்பார். உள்ளே தேங்குகிற தண்ணீர் சுவரைப் பின்னாலிருந்து தள்ளும் என்பது விழுந்த பிறகுதான் தெரியவரும்.

வீட்டுத் தண்ணீரை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு ஹெக்டேர் சரிவில் நூறு வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு அரசு நிர்ணயித்த 55 லிட்டர் குழாய்த் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 22,000 லிட்டர். வருடத்துக்கு 80 லட்சம் லிட்டர். அந்த ஒரு ஹெக்டேரில் பரப்பினால் 80 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை தொண்ணூறு சொச்சம் சென்டிமீட்டர்தான். இதில் ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கு வாய்க்காலில் ஓடும், சந்தேகமில்லை. ஆனாலும் சாக்கடை இல்லாமல் குழாய் மட்டும் கொடுத்த சரிவுக்கு, மேகத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் இன்னொரு மழைக்காலத்தை நாமே சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். குழாய் கொடுத்தது தப்பில்லை. அதோடு வடிகாலும் கொடுத்திருக்க வேண்டும்.

ஈரமணலில் வீடு கட்டி விளையாடிய குழந்தைக்குத் தெரியும்: கொஞ்சம் ஈரம் மணலைப் பிடித்து நிறுத்தும், அலை வந்து முழுக்க நனைத்தால் கரைந்து உட்கார்ந்துவிடும். மலைமண்ணிலும் நடப்பது இதுதான். துகள்களுக்கு இடையே காற்றும் ஈரமும் சேர்ந்திருக்கும்வரை ஓர் இழுவிசை மண்ணைக் கட்டிவைத்திருக்கிறது. அந்த இடைவெளிகளைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் இழுவிசை போய், தண்ணீரின் அழுத்தம் துகள்களை விலக்கத் தொடங்குகிறது. ஏற்கெனவே பாதி நனைந்திருக்கும் சரிவுக்கு அந்த நிலைக்குப் போக அதிக மழை தேவையில்லை. சில நேரம் மழையே தேவையில்லை. 2024 பிப்ரவரி 7 அன்று ஊட்டி லவ்டேலில் தடுப்புச்சுவருக்காக மண் தோண்டியபோது மேலே இருந்த கழிப்பறைக் கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அது கோடை தொடங்கும் நேரம்.

வாழை மரமும் சாய்ந்த கம்பமும்

வீடு வீடாகப் பார்ப்பது நடக்கிற காரியமா? பிரேசிலில் நடக்கிறது. ரியோ, சாவ் பாவ்லோ போன்ற நகரங்களின் மலைச்சரிவுக் குடிசைப் பகுதிகளை அங்கே நடந்துபோய்த்தான் தரம் பிரிக்கிறார்கள். ஆர்-1 முதல் ஆர்-4 வரை நான்கு படிகள். பெரிய கருவி எதுவும் வேண்டாம். சரிவு எவ்வளவு செங்குத்து, வெட்டு எவ்வளவு உயரம், வீடு அதற்கு எவ்வளவு பக்கம் என்று அளப்பார்கள். பிறகு அசைவின் அடையாளங்களைத் தேடுவார்கள்: தரையில் வில் போல வளைந்த விரிசல், சாய்ந்த மின்கம்பம், அடிமரம் வளைந்து நிமிர்ந்த மரம், திடீரென்று இறுகிக்கொண்டு மூட மறுக்கும் கதவு. கழிவுநீர் எங்கே விழுகிறது, குழாய் எங்கே கசிகிறது, குப்பை எங்கே கொட்டப்பட்டிருக்கிறது என்பதும் படிவத்தில் உண்டு. சரிவில் வாழைத்தோப்பு இருந்தால் அதையும் குறித்துக்கொள்கிறார்கள். வாழையின் வேர் மண்ணைப் பிடிக்காது, ஆனால் தண்ணீரை உள்ளே விடும். நம் மலைகளில் வீட்டுக்குப் பின்னால் சாக்கடைத் தண்ணீர் விழும் இடத்தில்தான் வாழை வைப்போம்.

இந்த முறையில் குறை இல்லாமலில்லை. பார்க்கிறவரின் கண்ணைப் பொறுத்துத் தரம் மாறும். ஒருவர் மூன்று என்று போடுவதை மற்றொருவர் நான்கு என்பார். ஆனால் தெருவே ஒரு மில்லிமீட்டராகத் தெரியும் காகிதத்தோடு ஒப்பிட்டால், வாசலில் நின்று போட்ட தப்புக் கணக்குகூட மேல். திருத்துவதற்கு ஒரு வாசலாவது இருக்கிறது.

கரீபியக் கடலில் செயின்ட் லூசியா என்றொரு சின்னத் தீவு. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மால்கம் ஆண்டர்சனும் லிஸ் ஹோல்கோம்பும் 2004இல் அங்கே ஒரு வேலையைத் தொடங்கினார்கள். மலைச்சரிவுக் குடியிருப்புகளில் மக்களோடு நடந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே மறைகிறது என்று வீட்டுக்கு வீடு வரைந்தார்கள். எந்த இடத்தில் மண் ஊறுகிறது என்று சொன்னவர்கள் அங்கே குடியிருந்தவர்கள். அதைக் கணினி மாதிரியில் போட்டுச் சரிபார்த்தது பல்கலைக்கழகம். பிறகு செய்தது பிரமாதமாக ஒன்றுமில்லை: சரிவுக்குக் குறுக்கே கான்கிரீட் வாய்க்கால், கூரைகளுக்குத் தூம்பு, கழுவு தண்ணீருக்குக் குழாய். வேலை செய்தவர்களும் அதே தெருக்காரர்கள். கூலி அங்கேயே தங்கியது. 2010 அக்டோபர் இறுதியில் தாமஸ் சூறாவளி தீவைப் புரட்டிப்போட்டது. தீவெங்கும் சரிவுகள். வாய்க்கால் வெட்டிய குடியிருப்புகளில் நிலச்சரிவு நேரவில்லை.

இதை மந்திரம் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. வாய்க்கால் காப்பது வீட்டுக் காலடியில் நிகழும் ஆழம் குறைந்த சரிவுகளிலிருந்துதான். மேலே எங்கோ மலை உடைந்து ஓடை வழியாகச் சேறும் பாறையுமாக இறங்கினால் எந்தத் தூம்பும் எதற்கும் ஆகாது. வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலையில் உடைந்த இடம் கடல்மட்டத்துக்கு 1,550 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் ஓடிவந்தது. ஆற்றோரம் இருந்தவர்களின் வீடு நின்ற தரை அசையவே இல்லை. அவர்கள் இருந்தது வழியில். ஆகையால் படிவத்தில் இரண்டு கேள்வி தனித்தனியாக வேண்டும்: இந்த மண் நகருமா? மேலிருந்து ஏதாவது வந்தால் இந்த வழியாக வருமா? அடிவாரத்தில் விசிறி போல விரிந்த மேடும், உருண்டு கிடக்கும் பெருங்கற்களும், முன்னொரு காலத்தில் அந்த வழியாக ஏதோ வந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. வீடு கட்ட வசதியான சமதளமாகத் தெரிவதும் பெரும்பாலும் அந்த இடம்தான்.

லயத்துக்காரர்களின் கணக்கு

பெட்டிமுடியில் இருந்த லயங்களும், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளும், அப்படிப்பட்ட வழியில்தான் நின்றன. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே கண்ணன் தேவன் மலைத்தோட்டத்தில் நான்கு லயங்கள் சேற்றில் போயின. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக எழுபது பேர். பெரும்பாலும் கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் கொழுந்து பறிக்கப் போன தமிழ்க் குடும்பங்கள். மின்சாரம் இல்லை, செல்போன் வேலை செய்யவில்லை. செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆனது. அவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. லயத்தை எங்கே கட்டுவது என்று தோட்ட நிர்வாகம் முடிவு செய்த காலத்தில் தொழிலாளியிடம் யாரும் கேட்டதில்லை. வேலை இருக்கும்வரை வீடு, ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். சொந்தமில்லாத வீட்டின் பின்சுவரில் விரிசல் விட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

இலங்கை மலையகத்தில் கதை இன்னும் கசப்பு. அங்கே ஆய்வு நடந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து பதுளை, நுவரெலியா மாவட்டங்களை அளந்து வருகிறது. தெற்காசியாவில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் நிறுவனங்களில் அது ஒன்று. கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் ஆபத்தான இடத்தில் இருக்கின்றன, ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். 2014 அக்டோபர் 29 காலை ஏழரை மணி வாக்கில் மலை இறங்கியது. குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கும் பெரியவர்கள் பிரட்டுக்கும் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கும்) கிளம்பும் நேரம். இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே வெகுநாள் குழப்பம் நீடித்தது; பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை.

பிறகு சிலர் சொன்னார்கள்: முன்பே சொன்னோம், அவர்கள் போகவில்லை. போவதற்கு எங்கே இடம் கொடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. மலையகத்துத் தோட்டத் தொழிலாளிக்கு ஏழு பேர்ச் காணி கேட்பதே பல பத்தாண்டு அரசியல். வேலைக்காட்டிலிருந்து மைல்கணக்கில் தள்ளி எங்கேயோ ஒரு முகாமுக்குப் போனால் பேர் வெட்டிவிடுவார்கள், அன்றைய சம்பளம் போய்விடும். மண் சரியலாம், சரியாமலும் இருக்கலாம். சம்பளம் வெட்டுவது நிச்சயம். இந்தக் கணக்கில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, மலையக மாவட்டங்களில் மண்சரிவு மீண்டும் முன்வரிசையில் இருந்தது.

நம் பக்கத்திலும் இதே குடும்பங்களின் கிளைகள் உண்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரியில் இறங்கினார்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ச் சரிவுகளில் கிடைத்த புறம்போக்கில் வீடு கட்டிக்கொண்டவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள். பட்டா இல்லாத வீட்டுக்கு அளவெடுக்க ஆள் வந்தால் அவர்களுக்குத் தோன்றும் முதல் எண்ணம், காலி செய்யச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்பது. ஆகவே விரிசலை மறைப்பார்கள். பின்பக்கச் சந்துக்கு அழைத்துப் போக மாட்டார்கள். ஆபத்தை அளக்கும் படிவமே வெளியேற்றும் நோட்டீஸாகவும் இருந்தால் உண்மையான அளவு கிடைக்காது. அதே மலையில் தங்கும் விடுதிகள் எத்தனை அடுக்கு எழும்புகின்றன என்று அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஹாங்காங்கில் இதற்கு வேறொரு வழி கண்டார்கள், கொடுத்த விலை பெரிது. 1972 ஜூன் 18, ஒரே நாளில் இரண்டு சரிவுகள். சாவ் மாவ் பிங்கில் தற்காலிகக் குடிசைகள்மேல் மண்மேடு இறங்கி 71 பேர், போ ஷான் சாலையில் அடுக்குமாடி விழுந்து 67 பேர். 1976இல் சாவ் மாவ் பிங்கிலேயே இன்னும் 18 பேர். மறு வருடம் சரிவுகளுக்கென்றே தனிப் பொறியியல் அலுவலகம் அமைத்தார்கள். இன்று அங்கே மனிதர் வெட்டிய அல்லது நிரவிய சுமார் 60,000 சரிவுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் பதிவெண் உண்டு. சரிவின் ஓரத்தில் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். பதிவேட்டைப் பார்த்தால் பராமரிப்பு யார் பொறுப்பு என்று தெரியும். எண் சரிவுக்குத்தான், அதில் குடியிருப்பவருக்கு அல்ல. குடிசைவாசிகளைப் பாதுகாப்புக் காரணத்துக்காக அகற்றியபோது பொதுக் குடியிருப்பில் வீடு கொடுக்கும் வசதி அந்த அரசுக்கு இருந்தது. நம் நகராட்சிகளிடம் அவ்வளவு பணம் இல்லை என்பார்கள். ஒரு பலகைக்கும் ஒரு பதிவேட்டுக்கும் இருக்காதா?

150 மில்லிமீட்டரும் ஒரு சாவியும்

எல்லாரையும் இடம் மாற்ற முடியாது. அப்படி மாற்ற வேண்டியதும் இல்லை. பிரேசில் முறையில் நான்காம் தரத்தில் வரும் வீடுகளுக்கு மாற்று இடம், மூன்றாம் தரத்துக்கு வாய்க்காலும் தடுப்புச்சுவரில் ஓட்டையும், மீதிக்கு மழை நாளில் கவனம் என்று பிரித்தால் எண்ணிக்கை கைக்குள் வரும். அதற்குத்தான் வீட்டுக்கு வீடு பார்ப்பது. 283 இடம் என்று பொதுவாகச் சொல்லும்போது மலைப்பாக இருக்கிறது. இத்தனையாவது படிக்கட்டில் மூன்று வீடு என்று சொன்னால் ஒரு கவுன்சிலரால்கூடச் செலவுக்கு எஸ்டிமேட் போட முடியும்.

மழையைப் பொறுத்தவரை இலங்கையின் அளவுகோல் நேரானது. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். வயநாட்டில் கல்பற்றாவைச் சேர்ந்த ஹியூம் மையம், இருநூறுக்கும் மேற்பட்ட மழைமானிகளை ஊர்க்காரர்களின் துணையோடு படித்துவருகிறது. முண்டக்கை போவதற்கு முன் 48 மணி நேரத்தில் பக்கத்துப் புத்துமலை மானியில் 572 மி.மீ. பதிவானது. முந்தின நாளே மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை அனுப்பியதாக அந்த மையம் சொல்கிறது. 2019 ஆகஸ்டில் பதினேழு பேரை இழந்த ஊர் அந்தப் புத்துமலை. தாலுகா தலைமையிடத்து மானியை மட்டும் நம்பினால் இந்த வித்தியாசம் தெரியாது. மலையில் ஒரு முகடு தாண்டினால் மழை இரண்டு மடங்காகும்.

கிராம உதவியாளர் படியேறி வந்து சொல்வார்: "அக்கா, இன்னிக்கு ராத்திரி ஸ்கூலுக்கு வந்துருங்க."

"போன தடவையும் இதான் சொன்னீங்க தம்பி. ஒண்ணும் விழலியே. ஆட்டை எங்க கட்டுறது?"

வருடாவருடம் நடக்கும் பேச்சு இது. ஆட்டுக்குக் கொட்டகை, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, விடிகாலையில் வேலைக்குப் போக முகாமிலிருந்து ஒரு வண்டி, வராத நாளுக்குக் கூலி. இவை இருந்தால் பேச்சு வேறு மாதிரி முடியும். எந்த ஆபத்து மதிப்பீட்டு அறிக்கையிலும் ஆட்டுக்கொட்டகைக்குப் பத்தி கிடையாது. பேரிடர் நிவாரண விதிப்படி ஓர் உயிருக்கு நான்கு லட்ச ரூபாய் கொடுக்கத் தலைப்பு இருக்கிறது.

படிவத்தின் கடைசியில் நான் சேர்க்கச் சொல்வது ஒரே ஒரு வரி. 150 மில்லிமீட்டர் இரவு இரண்டு மணிக்குத் தாண்டும்போது பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் வீடு எங்கே, கரண்ட்டும் செல்போனும் இல்லாதபோது அவரை எழுப்பப் போகிறவர் யார்? பெயரும் கதவு எண்ணும் எழுதி, சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது என்பதால், அந்த வரியை செப்டம்பருக்குள் நிரப்பிவிட வேண்டும்.